அடுப்படியில் இறங்கிய பென்சில்

மேனேஜர் துரை, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். மண் சரியும் என்று யாரும் எச்சரிக்கவில்லையாம். அந்த யாழ்ப்பாணத்து மனிதர் எச்சரித்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

மன்னார்க் கடலடியில் எண்ணெய் இருக்குமா என்று ஆராய்பவர் அவர். நிலம் இழுபட்டுப் பிளந்து தாழ்ந்த பள்ளமாம் அது. வெடிப்புகள் மூடிக் கிடந்தால் எண்ணெய் தங்கும், திறந்திருந்தால் கசிந்துவிடும் என்றார். அந்தப் பள்ளத்துக்கு அடியிலும் நம் மலையைப் போன்ற பழைய பாறைதான் என்பதால், துண்டு எடுக்க ராகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தார். ஒல்லியான ஆள். எங்கே வெடிப்பைக் கண்டாலும் காதில் செருகிய பென்சிலை உள்ளே விட்டுப் பார்ப்பார்.

நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டில் என் அக்கா தேத்தண்ணி கொடுத்தாள்.

"எண்ணெ கெடச்சா ரொட்டி சுட எங்களுக்கும் கொஞ்சம் குடுங்க சார்."

சிரித்தவர் அடுப்படித் தரையின் வெடிப்பைப் பார்த்தார். பென்சில் முழுதும் இறங்கியது. சிரிப்பு நின்றது.

"கடலுக்குக் கீழ வெடிப்பைக் காண எங்களுக்குக் கப்பல் வேணும் தங்கச்சி. இது உங்கட அடுப்படியிலயே கிடக்கு. மலை அசையுது. மழைக்கு முன்னம் வெளிக்கிடுங்கோ."

"எங்க சார் போறது?"

அவர் தேத்தண்ணியைக்கூடக் குடிக்கவில்லை. நேரே ஆபீசுக்கு நடந்து, கடிதம் எழுதி உங்கள் கையில் கொடுத்தார். நீங்கள் வாசித்து, மடித்து, மேசைக்குள் வைத்தீர்கள்.

அடுத்த மழையில் அடுப்படியோடு அக்காவும் போய்விட்டாள்.

அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. ஒரு நாள் வந்துபோன மனிதருக்கு இருந்த பதற்றம் உங்களுக்கு ஏன் இல்லை? நாளைக் காலை வேலை பிரிக்கும் பெரட்டில், எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தை என்ன செய்தீர்கள்?