தலவாக்கலைக்கு மேலே, முன்வாசல் உள்ள ஒரு கல்லூரி

ஆகஸ்ட் விடுமுறைக்கு மலைக்குப் போகிறவர்கள் நுவரெலியாவில் குதிரை ஏறுவார்கள், படகு விடுவார்கள். நான் அம்மாவை அழைத்துக்கொண்டு நான் படித்த ஆசிரியர் கல்லூரிக்குப் போனேன். காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. என்னோடு படித்து, இப்போது அங்கேயே விரிவுரையாளராக இருக்கும் சாந்தினி, "பழைய பங்களாவ வருஷக் கடைசியில இடிக்கப் போறாங்களாம்டி. கூர தாங்காதாம். பாக்கணும்னா இப்பவே வா" என்றாள். அந்தக் கட்டடத்தில் எனக்கு ஒரு வேலை மிச்சம் இருந்தது. அம்மாவை அதன் முன்வாசல் வழியாக உள்ளே அழைத்துப் போக வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கொழும்பு கோட்டையில் காலை ஆறு மணிக்குச் சற்று முன் கிளம்பும் பதுளை ரயில். முன்பதிவு கிடைக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு சிங்களப் பையன் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தான். நான் நாவலப்பிட்டி வரை நின்றேன். ஹட்டன் தாண்டியதும் வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் வாசல்படிக்குப் போய்த் தொங்குவார்கள், அப்போது இடம் தாராளமாகக் கிடைக்கும். காட்சி பார்க்க வலது பக்கம் உட்காருங்கள். அம்மா மட்டும் வெளியே பார்த்து, "கவ்வாத்து வெட்டி நாளாச்சு போல, காடா கெடக்கு" என்று தேயிலையைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். ஆயுளெல்லாம் கொழுந்து பறித்தவருக்கு அது காட்சி இல்லை, வேலை.

தலவாக்கலையில் இறங்கும்போது மதியம். தூறல். கல்லூரி அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எழுநூறு ரூபாய். பஸ்ஸும் உண்டு, எப்போது வரும் என்று கேட்டால் கடைக்காரர் வானத்தைப் பார்ப்பார்.

"அக்கா, புது பில்டிங்குக்கா, பழைய பங்களாவுக்கா?" என்று ஆட்டோத் தம்பி கேட்டான்.

"பழைய பங்களா."

"அங்கிட்டு இப்ப யாரும் போறதில்லீங்களே!"

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் என்ன தப்பு?

அது வெள்ளைக்காரத் தொரை இருந்த பங்களா. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு கொஞ்ச காலம் உரமூட்டை அடுக்கினார்களாம். தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குத் தமிழ் ஆசிரியர்கள் போதவில்லை என்ற பேச்சு எழுந்தபோது மூட்டைகளை இறக்கிவிட்டுக் கரும்பலகை மாட்டினார்கள். கல்லூரியின் வரலாறு அவ்வளவுதான். நாங்கள் படித்த காலத்தில் தொரை பில்லியர்ட் ஆடிய கூடம் எங்கள் சாப்பாட்டு அறை. கணப்பு அடுப்புக்குள் அகராதிகள். குளியலறையில் கிடந்த பெரிய பீங்கான் தொட்டியில் ஞாயிற்றுக்கிழமை எல்லாருடைய துணியும் சேர்ந்து ஊறும், யார் பாவாடைச் சாயம் யார் சட்டையில் என்று திங்கட்கிழமை தெரியும். மறுநாள் நடத்த வேண்டிய பாடத்தை மாலையில் விடுதி அறையில் நடத்திப் பார்ப்போம். தோழிகள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளாகத் தரையில் உட்கார்ந்து, "டீச்சர், இவ கிள்ளுறா" என்று உயிரை எடுப்பார்கள். சாந்தினிதான் அதில் மோசம். அந்தச் சிரிப்புக்கு நான் இன்றும் ஏங்குகிறேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. புது பேட்ச் சேரும் நாளில் மூத்தவர்கள் பங்களாவின் முன்னால் நிற்க மாட்டோம், பின்பக்கப் பாதையில்தான் நிற்போம். ஏனென்றால் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தோட்டத்து அப்பா அம்மாக்கள் நேரே அங்கேதான் வருவார்கள். தொரை பங்களா என்றால் பின்னால் போய்ச் சமையல் நடக்கும் குசினியின் வாசலில் நிற்க வேண்டும், அங்கிருந்துதான் கூப்பிட வேண்டும். யாரும் சொல்லத் தேவையில்லை, கால் தானாகத் திரும்பும். நாங்கள் ஓடிப்போய், "அப்பா, இங்கிட்டு இல்லீங்க, முன்னால வாங்க" என்று பெட்டியை வாங்கிக்கொண்டு சுற்றி அழைத்து வருவோம். முன்படிகளில் ஏற்றி, விறாந்தை நாற்காலியில் உட்காரவைத்து, பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி கொடுப்போம். அதற்குப் பிறகுதான் பதிவு, அறை எல்லாம்.

நான் சேர்ந்த நாளில் என் அப்பா தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அவரும் பின்னால்தான் போனார், அம்மாவும். மூத்த பேட்ச் அக்காமார் கெஞ்சி முன்னால் அழைத்து வந்தார்கள். அப்பா படியடியில் நின்று கீழே பார்த்தார். நல்ல மழை நாள். "காலெல்லாம் சேறும்மா. படி பாழாயிரும். அடுத்த தடவ முன்னால வாறேன்" என்று சிரித்துவிட்டு, அங்கேயே பெட்டியை இறக்கினார். அப்பா போகாத இடத்துக்கு அம்மாவும் போகவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் நெஞ்சுவலியில் அப்பா போய்விட்டார். மறு வருஷம் நான் மூத்தவளாகப் பின்பாதையில் நின்று எத்தனையோ அப்பாக்களின் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். விடுமுறைக்கு நானே வீட்டுக்குப் போய்விடுவதால் அம்மா இந்தப் பக்கம் மறுபடி வரவே இல்லை.

ஆட்டோ கேட்டடியில் விட்டது. நான் சில்லறை வாங்கித் திரும்புவதற்குள் அம்மாவைக் காணோம். பார்த்தால், குடையைப் பிடித்துக்கொண்டு பின்பாதையில் போய்க்கொண்டிருக்கிறார்!

"அம்மா, இங்கிட்டு இல்ல!" என்று பழைய குரலில் கத்தினேன். நின்று திரும்பி, "பழக்கம் புள்ள" என்றார்.

ஆனால் முன்வாசல் பூட்டியிருந்தது. சாந்தினி குசினிக் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "அந்தக் கதவு தொறந்து நாளாச்சுடி, தாப்பா துருப்பிடிச்சிருக்கு. மழைக்குள்ள நிக்காம இப்பிடியே வாங்க." அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். குசினி பெஞ்சில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு, "எனக்கு இதே போதும்" என்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இவ்வளவு தூரம் வந்தது இதற்காகவா?

உதவிக்கு வந்திருந்த இரண்டு மாணவிகளுக்குச் சாந்தினி பின்பாதைக் கதையைச் சொன்னாள். ஒருத்தி கேட்டாள்: "ஏன் மிஸ் பின்னால போனாங்க?" அவள் உண்மையாகவே புரியாமல் கேட்டாள். அவர்களுடைய புதுக் கட்டடத்துக்கு ஒரே வாசல்தான்; அவள் அப்பா ஆட்டோவில் வந்து நேரே அலுவலகத்துக்குள் போயிருப்பார். நல்லதுதான். அம்மாதான் பதில் சொன்னார்: "அப்ப அப்பிடித்தாம்மா."

அந்தப் பிள்ளைகள்தான் குசினியிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தாழ்ப்பாளில் விட்டுத் தட்டினார்கள். பில்லியர்ட் கூடத்தைக் கடந்து நாங்கள் போனபோது கதவு அழுதுகொண்டே திறந்தது. விறாந்தையில் நாற்காலிகள் இல்லை. வெளியே தூறல் விட்டிருந்தது, எதிர்மலையின் லயத்து வீட்டு வரிசையில் புகை. அம்மா படிகளில் இறங்கிக் கீழே போனார். சரி, புறப்படலாம் என்கிறார் போல என்று நான் பையை எடுத்தேன்.

அப்பா பெட்டியை இறக்கிய இடத்தில் அம்மா நின்றார். செருப்பைக் கழற்றினார்.

"எறங்குனா ஆச்சா? ஒங்கப்பா அடுத்த தடவ முன்னால வாறேன்னு சொன்னாருல்ல" என்றார். குடையை என் பக்கம் நீட்டினார்.

அந்த இரண்டு பிள்ளைகளும் யாரும் சொல்லாமலே படியிறங்கி ஓடி, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். "வாங்கம்மா" என்றார்கள். அம்மா ஏறினார். சேற்றுத் தடம் படியில் வரிசையாக விழுந்தது, யாரும் துடைக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: கல்லூரி அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள், வார நாளில் போங்கள். திரும்பும் மாலை ரயிலைத் தவறவிட்டால் தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்கு பஸ் இருக்கிறது. குடையும் கம்பளிச் சட்டையும் அவசியம், அட்டைக்கு உப்பு. முன்படிகள் உயரமானவை, கைப்பிடி கிடையாது, ஈரத்தில் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் பின்வாசலால் போகலாம் என்று எழுத வந்தேன். எழுத மாட்டேன். யாராவது கை கொடுங்கள், மெதுவாக முன்னாலேயே ஏறட்டும்.