ஓம் அப்பா, ஆனால்

ஜிம்னாசியம் தொடங்கிய முதல் கிழமையிலேயே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. நான் கெட்டிக்காரியாக இருந்த விஷயத்துக்கு அங்கே புள்ளி இல்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பதில் என்னை வெல்ல ஆளில்லை. ஒன்பது வருடப் பள்ளிக்கூடத்தில் அது போதுமாக இருந்தது.

ஜிம்னாசியம் என்றதும் உடற்பயிற்சி நினைவுக்கு வரவேண்டாம். டென்மார்க்கில் அது பல்கலைக்கழகத்துக்கு முந்திய மூன்று வருடப் படிப்பு. எங்கள் ஹோர்சன்ஸ் நகரில் இருந்த தமிழ்ப் பெற்றோருக்கோ அது மருத்துவபீடத்தின் வெளிவாசல் கேற்று. நான் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே அம்மா அந்தக் கேற்றைப் பார்த்தபடி இருந்தார். அதற்குள் நுழைய வேண்டுமானால் எல்லாப் பாடத்திலும் உச்சப் புள்ளி வேண்டும். ஒவ்வொரு முக்கிய பாடத்துக்கும் எழுத்துக்கு ஒரு புள்ளி, பேச்சுக்கு ஒரு புள்ளி. பேச்சுக்குப் புள்ளி வாங்க வகுப்பில் கையைத் தூக்க வேண்டும், கருத்துச் சொல்ல வேண்டும், மற்றவர் சொன்னதை மறுக்க வேண்டும்.

என் வகுப்பில் இருந்தவர்கள் அதற்கென்றே பிறந்தவர்கள். ஒருத்தன் கையைத் தூக்கிய பிறகுதான் என்ன சொல்லலாம் என்று யோசிக்கத் தொடங்குவான். இன்னொருத்தி, புத்தகத்தை வாசிக்கவில்லை என்று பணிவாக அறிவித்துவிட்டு, பாடம் முடியும்வரை அதைப் பற்றியே பேசுவாள். நான் இரண்டு தரம் வாசித்துவிட்டு, மேசையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

போதாக்குறைக்கு ஆசிரியரை முதற்பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எங்கள் வகுப்பாசிரியைக்கு அம்மாவின் வயது. அந்தப் பெயர் என் வாயில் வரவேயில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவருக்குப் பக்கத்தில் போய் நின்று இருமுவேன். ஒக்ரோபர் மாதம் அவர் எனக்குத் தொண்டை மாத்திரை வாங்கித் தந்தார்.

இலையுதிர்காலத்தில் பெற்றோரை அழைத்துக் கதைக்கும் நாள் வந்தது. அப்பா தொழிற்சாலையில் பின்னேர வேலையை மாற்றிக்கொண்டு, கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். "ரீச்சரிட்டை வெறுங்கையோடை போறதோ?" என்று அம்மா சுடச்சுடப் பொரித்த ரோல்ஸை ஒரு பொதியாகச் சுற்றித் தந்தார்.

ஆசிரியை மேசையின் விளிம்பில் ஏறி இருந்துகொண்டு, "உங்கள் மகள் வகுப்பில் மிகவும் அமைதியாக இருக்கிறார்" என்றார்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. தன் தொழிற்சாலை டெனிஷில், "நன்றி. வீட்டிலும் அப்படித்தான்" என்றார்.

ஆசிரியை கொஞ்சம் தடுமாறினார். "ஒரு சொல்கூடப் பேசுவதில்லை."

"மிக்க நன்றி" என்ற அப்பா, நெகிழ்ந்துபோய் ரோல்ஸ் பொதியை அவர் பக்கம் தள்ளினார்.

ஆசிரியை உதவி கேட்பதுபோல என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜிம்னாசியத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அதை நானே ஏன் கெடுக்க வேண்டும்?

அவர் கணினியைத் திருப்பிப் புள்ளிகளைக் காட்டினார். எழுத்துக்குப் பன்னிரண்டு. அதற்கு மேலே புள்ளி கிடையாது. பேச்சுக்கு இரண்டு. அதற்குக் கீழே போனால் பெயில்.

"என்ன குழப்படி செய்தாள்?" என்று அப்பா கேட்டார்.

"குழப்படியே செய்வதில்லை. அதுதான் பிரச்சினை. நான் சொல்வதை இவர் மறுத்துப் பேச வேண்டும்."

அப்பா ரோல்ஸ் பொதியைப் பார்த்தார். திருப்பி எடுக்கலாமா என்று யோசித்தார் போலிருந்தது.

காரில் திரும்பி வரும்போது அவர் சுற்றுவட்டத்தில் வெளியேற மறந்து இரண்டாம் முறையும் சுற்றினார்.

"ரீச்சரே சொன்னவவோ, தன்னை எதிர்த்துக் கதைக்கச் சொல்லி?"

"ஓம் அப்பா."

"நான் எதிர்த்துக் கதைச்சிருந்தா வாத்தியார் தோலை உரிச்சிருப்பார்." இந்த முறை சரியாக வெளியேறினார். "சரி. இண்டையிலயிருந்து வீட்டிலை பழகு. சாப்பிடேக்கை நான் ஒண்டு சொல்லுவன். நீ மறுத்துச் சொல்லு."

அம்மாவுக்கு இது துண்டாகப் பிடிக்கவில்லை. "இஞ்சருங்கோ, அடக்கமா வளத்த பிள்ளையைப் பழுதாக்காதேங்கோ."

"டொக்டராக்கிறதெண்டா கொஞ்சம் பழுதாக்கத்தான் வேணும்" என்றார் அப்பா.

முதல் நாள் புட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு, "டென்மார்க்கிலை சரியான குளிர்" என்று தொடங்கினார். அப்பாவின் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்ல எனக்கு நாக்கு வளையவில்லை.

"ஓம் அப்பா, ஆனால் கிறீன்லாந்திலை இதைவிடக் குளிர்."

"காணாது. இன்னொண்டு சொல்லு." ஒரு மறுப்பு அவருக்குப் போதவில்லை.

"ஓம் அப்பா, ஆனால் வீட்டுக்குள்ளை ஹீற்றர் இருக்கு."

"காணாது. இன்னொண்டு."

அந்த 'ஓம் அப்பா, ஆனால்' ஒரு நல்ல ஆயுதம் என்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நாள் எடுக்கவில்லை. முன்பாதியில் ஆமாம் என்கிற மரியாதை இருந்தது. பின்பாதியில் எதையும் வைக்கலாம். ஓம் அப்பா, ஆனால் வகுப்பே போகிற சுற்றுலாவுக்கு நான் மட்டும் போகாவிட்டால் யாரோடு கதைத்துப் பழகுவது? போனேன். ஓம் அப்பா, ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்துக் கஃபேயில்தான் எல்லோரும் வாதாடுகிறார்கள். இருந்தேன். தலைமயிரைத் தோளோடு வெட்டிக்கொண்டு வந்த நாள், "இதுக்கும் புள்ளி இருக்கோ?" என்று அம்மா கேட்டார். கட்டாயம் இருக்கிறது என்றேன். அப்பா தோற்றுக்கொண்டே போனார். தோற்றதைத் தொலைபேசியில் சிநேகிதர்களுக்குப் பெருமையாகச் சொல்லவும் செய்தார்: "என்ரை பிள்ளை என்னையே மடக்கிறாள்!"

வகுப்பிலும் கை எழும்பத் தொடங்கியது. முதல் தடவை அது எழும்பியபோது, கழிப்பறைக்குப் போக வேண்டுமா என்று ஆசிரியை கேட்டார். இல்லை, நீங்கள் சொன்னது பிழை என்றேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். பேச்சுப் புள்ளி நாலாகி, பிறகு ஏழானது.

அதே மாதங்களில்தான் இலங்கையில், வன்னிப் பக்கம் சண்டை இறுகியது. சித்தப்பா குடும்பம் அங்கே இருந்தது. தை மாதத்துக்குப் பிறகு அவர்களிடமிருந்து தொடர்பில்லை. எங்கள் சாப்பாட்டுக் கோப்பைகள் மேசையிலிருந்து தொலைக்காட்சிக்கு முன்னால் இடம்பெயர்ந்தன. அப்பா வேலையால் வந்து, குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் செய்தி பார்ப்பார். குளிரைப் பற்றியோ ஹீற்றரைப் பற்றியோ அவர் இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

"விட்டுப் பிடிக்கிறாங்கள். பெடியள் திருப்பி அடிப்பாங்கள்" என்றார் ஒருநாள். புலிகளை அவர் அப்படித்தான் சொல்வார்.

பழக்கதோஷத்தில் வாய் திறந்துவிட்டது. "ஓம் அப்பா, ஆனால் அடிக்கிற இடத்திலைதானே சித்தப்பா ஆக்கள் நிக்கினம்?"

அப்பா கோப்பையை நிலத்தில் வைத்தார். "இதுக்கு ஆனால் வேண்டாம்."

அதற்குப் பிறகு வீட்டில் நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கு அவர்மேல் கோபமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

வைகாசியில் சண்டை முடிந்தது. மறுநாள் வகுப்பில், இலங்கையில் போர் ஓய்ந்தது நல்ல செய்திதானே என்று முன்பு சொன்ன அந்தப் பையன் கையைத் தூக்கிச் சொன்னான். அவனில் பிழையில்லை, அவனுடைய வழக்கப்படி சொன்ன பிறகுதான் யோசித்திருப்பான். 'ஓம், ஆனால்' என்று தொடங்கி, சித்தப்பா குடும்பம் உயிரோடு இருக்கிறதா என்றே எங்களுக்குத் தெரியாது என்று சொன்னேன். பாடம் முடிந்த பிறகும் ஒருவரும் எழும்பவில்லை. ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டு, பேச்சுக்குப் பத்துப் போடுகிறேன் என்றார். நான் இருமாமல், அவருடைய பெயரைச் சொல்லி, நன்றி சொன்னேன். சைக்கிளில் வீடு வரும்வரை எதிர்க்காற்று. ஒரு பக்கம் பத்து என்ற சந்தோஷம், மறுபக்கம் அந்தச் சந்தோஷத்தில் எனக்கு அருவருப்பு.

தொலைக்காட்சி நிறுத்தப்பட்டிருந்தது. அம்மா குசினியில் அடுப்படியில் நின்றார். அப்பா மடியில் தொலைபேசியை வைத்துக்கொண்டு இருந்தார். வேலைக்குப் போகவில்லை. எனக்குத் தெரிந்து அவர் வேலைக்குப் போகாத முதல் நாள் அதுதான்.

"எல்லாம் முடிஞ்சுது பிள்ளை" என்றார்.

"ஓம் அப்பா" என்றேன்.

அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

"ஆனால்?" என்று கேட்டார்.

புத்தகப் பையை இறக்கிவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அவருக்கு இதில் தோற்க வேண்டும் போலிருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. "ஆனால் சித்தப்பா ஆக்களைப் பற்றி ஒருதரும் இன்னும் கெட்டது சொல்லேல்லை" என்றேன்.

"காணாது" என்றார் அப்பா. "இன்னொண்டு சொல்லு."