லோர்னா கிவேலாவின் கண்ணும் பிரென்ட்டின் புது மானிட்டர்களும்

எங்கள் கவுண்டி நிலப் பதிவு அலுவலகத்துக்குப் புது மானிட்டர்கள் வந்த அன்று பிரென்ட் ஹட்சின்ஸ் கேக் வெட்டினார். ஆறு கம்ப்யூட்டர் திரைகளுக்கு ஒரு கேக். அதன் மேல் நீல க்ரீமில் ‘தெளிவான எதிர்காலம்’ என்று எழுதச் சொல்லியிருந்தார். எங்களுக்குத் தலைவராக வருவதற்கு முன்னால் ஏரிக்கரையில் மோட்டார் படகு விற்றவர் அவர். பளபளப்பாக ஒன்றைக் காட்டி, வாங்குகிறவன் வாய் பிளந்து நிற்கும்போது முதுகில் தட்டிக்கொடுப்பது அவருக்குக் கைவந்த கலை. வேறு கலை எதுவும் அவருக்கு வந்ததாக எனக்குத் தெரியாது.

திரைகள் பெரியவைதான். மூலையில் ஒட்டியிருந்த மினுமினு ஸ்டிக்கரைக் கூட உரிக்கக் கூடாது என்றார். “விருந்தாளிங்க பாக்கட்டும்” என்றார். வடக்கு மிச்சிகனில், பனிக்குள் புதைந்து கிடக்கும் ஊரில், நிலப் பதிவு அலுவலகத்துக்கு எந்த விருந்தாளி வருவான் என்று யாரும் கேட்கவில்லை. கேக் நன்றாக இருந்தது.

லோர்னா மட்டும் கேக்கைத் தொடவில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் முன்னே நீட்டி, பிறகு பின்னே இழுத்து, மறுபடி முன்னே நீட்டினாள்.

“என்ன மேவிஸ், உனக்கு இது நல்லாத் தெரியுதா?” என்று என்னிடம் கேட்டாள்.

நான் பக்கத்து மேசை. பத்திரங்களை எண் போட்டு அடுக்குவது என் வேலை. பெரிய எழுத்தாக வைத்துக்கொண்டால் எனக்குப் போதும். “கொஞ்சம் கலங்கலாத்தான் இருக்கு. பழகிடும்” என்றேன். அந்தப் பதிலுக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்வேன்.

லோர்னா கிவேலா அப்போது ஐம்பத்து மூன்று வயதுக்காரி. அப்பா இரும்புச் சுரங்கத்தில் வேலை செய்தவர். பத்தொன்பது வயதில் மைப் பேனாவோடு இந்த அலுவலகத்துக்குள் வந்தவள், மனை வரைபடம் போடுவதைத் தவிர வேறு வேலை பார்த்ததில்லை. யார் நிலம் எங்கே முடிகிறது, யாருடையது எங்கே தொடங்குகிறது என்பதை எங்கள் கவுண்டியில் கடைசியாகச் சொல்லும் கை அவளுடையது. இனிமையாகப் பேச மாட்டாள். காபி போட்டுக்கொடுத்தால் நன்றி சொல்ல மாட்டாள். ஆனால் அவள் போட்ட கோட்டை நான் பார்த்த இருபது வருடத்தில் ஒரு வக்கீல் கூட அசைத்ததில்லை.

அந்தக் கைக்குத்தான் கலங்கல் திரை வந்து வாய்த்தது. பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து வைத்திருப்போம். அவள் அதைத் திரையில் பார்த்து, அடிக்கணக்கை வரைபடத்தில் ஏற்றுவாள். எண்களுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல். வெள்ளை வெள்ளையாக இல்லை, கண்ணைக் குத்துகிற நீலம். கோடுகள் பிசிறடித்தன. இரண்டாவது வாரமே அவளுக்குத் தலைவலி தொடங்கிவிட்டது.

திரைகளை மாட்டியவன் டாரில் என்று ஒருத்தன். கம்ப்யூட்டர் வேலைக்காக வெளியிலிருந்து வருகிறவன். பிரென்ட்டோடு மீன்பிடிக்கப் போகிறவன் என்பதைத் தவிர அவனுக்கு வேறு தகுதி இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. லோர்னா கூப்பிட்டதும் வந்தான். நின்றபடியே திரையைப் பார்த்தான். குனியவில்லை, உட்காரவில்லை.

“இது டாப் மாடல் மேடம். இதுல பிரச்சினை வராது.”

“எழுத்து மங்கலா இருக்கு.”

“எழுத்தைப் பெருசாக்கித் தரேன்” என்று எதையோ இரண்டு தட்டு தட்டினான். எழுத்து பெரிதானது. மங்கலும் அதோடு சேர்ந்து பெரிதானது. “இப்ப ஓகேவா?”

“இல்ல.”

“கண்ணாடி மாத்தி எவ்வளவு நாளாச்சு உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அந்த ஒரு கேள்வி பிரென்ட்டுக்கு அல்வா மாதிரி. திரைக் கோளாறு என்றால் வாங்கியவர் பதில் சொல்ல வேண்டும். கண் கோளாறு என்றால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நவம்பரில் அவளை அறைக்குள் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். வரைபட வேலையை வெளி நிறுவனம் ஒன்றுக்குக் கொடுப்பது பற்றி யோசிப்பதாகவும், ‘பார்வைத் திறனைக் கருத்தில் கொண்டு’ லோர்னாவை முன் கவுண்டருக்கு மாற்றலாம் என்றும் அதில் இருந்தது. கடிதத்தோடு ஒரு பெட்டி சாக்லேட்டும் கொடுத்தார். இரக்கமாம்.

வெளியே வந்து அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “போன வாரம் இருநூறு கெஜ தூரத்துல நின்ன மானை ஒரே குண்டுல சாய்ச்சிருக்கேன். இந்த ஆளு எனக்குக் கண்ணு தெரியலங்கறான்.”

வெளியே இப்படிப் பேசினாள். உள்ளே நடந்தது வேறு. அதை எனக்குச் சொல்ல அவளுக்கு ஒரு மாதம் ஆனது. அவளுடைய அம்மாவுக்கு அறுபது வயதில் பார்வை போய்விட்டது. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தொடங்கி, கடைசியில் மகளின் முகமே தெரியாமல் போனது. லோர்னாவுக்கும் அதுதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நடந்து பார்த்திருக்கிறாள். கதவிலிருந்து அடுப்புக்கு ஒன்பது அடி, அடுப்பிலிருந்து கட்டிலுக்குப் பதினான்கு அடி. நாயின் தண்ணீர்க் கிண்ணத்தைச் சுவரோரமாக நகர்த்தி வைத்திருக்கிறாள். கண் டாக்டரிடம் இரண்டு மணி நேரம் பனியில் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அவர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்து, “உங்க கண்ணு சுத்தமா இருக்கு” என்றிருக்கிறார். அதையும் அவள் நம்பவில்லை. டாக்டர் எதையோ மறைக்கிறார் என்று காருக்குள் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

டாக்டர் கொடுத்த சீட்டை பிரென்ட்டிடம் காட்டினாள். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “அவங்க சும்மா ஒரு தடவை பாக்கறாங்க லோர்னா. நாங்க உங்கள தினமும் பாக்கறோம்” என்றார்.

ஜனவரியில் ஆர்னி லாமி வந்தார். எழுபதைத் தாண்டியவர். மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். பூட்ஸிலிருந்த பனியைத் தட்டாமலேயே உள்ளே வந்து, வரி அலுவலகம் அனுப்பிய புது வரைபடத்தைக் கவுண்டரில் அறைந்தார்.

“ஏம்மா லோர்னா, என் சவுனாவுல, அந்த நீராவிக் குளியல் குடிசையில, பாதிய எதுக்கும்மா பக்கத்து வீட்டுக்காரனுக்குக் குடுத்த?”

“என்ன சொல்றீங்க ஆர்னி?”

“என் மனை 188 அடி. எங்கப்பா காலத்துலேருந்து 188. நீ 183ன்னு போட்டிருக்க. அஞ்சு அடி போச்சு. வேர்த்து உக்காந்திருக்கற பெஞ்சு அவன் நிலத்துல, அடுப்பு என் நிலத்துல. நேத்து அவன் வேலிக்கு மேல எட்டிப் பாத்து வாடகை கேக்கறான்யா!”

லோர்னாவின் முகம் வெளுத்துவிட்டது. சத்தம் கேட்டு பிரென்ட் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். பிறகு எங்கள் எல்லோருக்கும் முன்னால், அவளுக்கும் முன்னால், குரலைத் தாழ்த்துவது போல எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “மன்னிக்கணும் சார். அவங்களுக்குக் கண்ணுல கொஞ்சம் சிரமம். மாத்த ஏற்பாடு பண்ணிட்டிருக்கோம்.” சொல்லிவிட்டு ஆர்னியின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

ஆர்னி முதுகைத் திருப்பிப் பார்த்தார், ஏதாவது ஒட்டிக்கொண்டதா என்பது போல. “யாரு இந்தாளு?”

“எங்க தலைவர்” என்றேன்.

“படகு வித்தானே, அவனா? எங்கிட்ட ஓட்டைப் படகை வித்தவன்.” பிறகு லோர்னாவைப் பார்த்தார். “சரிம்மா, 183 எங்கேருந்து வந்துச்சு? அதைக் காட்டு எனக்கு.”

உள்ளே வரச் சொல்லி அவருடைய பத்திரத்தின் ஸ்கேனைத் திரையில் திறந்தாள். ஆர்னி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“நூத்தி எண்பத்தி... மூணு. மூணுதான் போட்டிருக்கு. எவன்டா மாத்துனான் என் பத்திரத்தை?”

லோர்னா அவர் பக்கம் திரும்பினாள். “உங்களுக்கும் மூணுதான் தெரியுதா?”

“எனக்கு என்ன, கண்ணு பொட்டையா?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். கவுண்டருக்கு வெளியே, பொதுமக்கள் பார்ப்பதற்காக ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. பொதுமக்களுக்கு எதற்குப் புதுத் திரை என்று பிரென்ட் அதை மட்டும் மாற்றவில்லை. அவருடைய கஞ்சத்தனம் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஊருக்கு உபகாரம் செய்தது. அதே பத்திரத்தை அதில் திறந்தேன். அழுக்குப் பிடித்த அந்தச் சின்னத் திரையில், முழுசாக, கறுப்பாக, இரண்டு வயிறும் மூடிய எட்டு.

“188” என்றார் ஆர்னி. “சொன்னேன் பாரு.”

லோர்னா சர்வே தாள்களைப் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வந்து தன் திரையில் வைத்துப் பார்த்தாள். மெல்லிய கோட்டில் எழுதிய கடைசி எட்டின் இடது ஓரம் வெளுத்துப் போய், வலது பக்கம் நிழல் கட்டியிருந்தது. பிறகு நேராகச் சரக்கறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். மானிட்டர் வந்த ஆறு பெட்டிகளும் அங்கே கிடந்தன. ஒவ்வொன்றிலும், பை கூடப் பிரிக்காமல், ஒரு புதுக் கேபிளும் நான்கு பக்கத் தாளும்.

“இதை அவன் மாட்டவே இல்ல” என்றாள்.

மேசைக்கு அடியில் பழைய கேபிள்களைக் கட்டி வைத்திருப்பார்கள். அதை அவிழ்க்க வேண்டுமென்றால் தரையில் ஊர்ந்து போக வேண்டும். டாரில் ஊரவில்லை. படத்தைக் கலங்கலாக்கும் பதினைந்து வருடத்துக் கேபிளின் நுனியைப் புதுத் திரையின் பின்னால் சொருகிவிட்டு மீன்பிடிக்கப் போய்விட்டான். நான்கு மாதத் தலைவலியும், கண்ணை மூடிக்கொண்டு நடந்த நடையும், காருக்குள் அழுத அழுகையும், அவன் முட்டி போடச் சோம்பல்பட்டதால் வந்தவை.

லோர்னா பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு மேசைக்கு அடியில் போனாள். நான் டார்ச் பிடித்தேன். ஆர்னி போகாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பழையதைப் பிடுங்கிப் புதியதை மாட்டினாள். வெளியே வந்து, தூசியோடு, அந்த நான்கு பக்கத் தாளை விரலால் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். திரையின் அளவுக்கு ஏற்ற புள்ளிக் கணக்கு, ரெசல்யூஷன் என்பார்களே, அது அதில் இருந்தது. டாரில் எழுத்தைப் பெரிதாக்குகிறேன் என்று அதைக் குறைத்துவிட்டிருந்தான். அதைச் சரியான இடத்தில் வைத்து, எழுத்தின் அளவை மட்டும் தனியாக ஏற்றினாள். திரைக்குக் கீழே இருந்த பொத்தானை அழுத்தினால் ‘கடைக் காட்சி’ என்று ஒரு அமைப்பு. கடையில் பத்துத் திரைகளுக்கு நடுவில் தன் திரை கண்ணைப் பறிக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. அதை யாரும் அணைக்கவில்லை. அணைத்தாள். கூர்மையை ஏகத்துக்கும் ஏற்றி வைத்திருந்தார்கள். அதை இறக்கினாள். வெளிச்சத்தைப் பாதியாக்கினாள்.

வெள்ளை வெள்ளையானது. எட்டு எட்டானது.

அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தூசியின் மேல் இரண்டு கோடுகள் இறங்கின. ஆர்னி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து பிரென்ட் வந்தார். “யாரைக் கேட்டுக் கழட்டுனீங்க? வாரண்டி போயிடும்!”

“உக்காருங்க பிரென்ட்” என்றாள். தன் மேசையில் ஒரு பத்திரம், இன்னும் பழைய கேபிளில் இருந்த என் மேசையில் அதே பத்திரம். “ரெண்டையும் படிங்க.”

அவர் இங்கே பார்த்தார், அங்கே பார்த்தார். மனுஷன் தப்பிக்க வழி தேடினார். கடைசியில், “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது” என்றார்.

“அப்ப கண் டாக்டர் நம்பர் தரேன்” என்றாள் லோர்னா. “ரெண்டு மணி நேரம் ஓட்டணும். சாக்லேட் நான் வாங்கித் தரேன்.”

ஆர்னி சிரித்த சிரிப்பில் நாற்காலி கிரீச்சிட்டது.

என்னுடையதையும் மற்றவர்களுடையதையும் அவளே மாற்றிக் கொடுத்தாள். பிரென்ட்டின் அறைக்குள் மட்டும் போகவில்லை. ஒருநாள் அவர் கதவோரம் நின்று, “என்னோடதையும் கொஞ்சம்...” என்றார். “உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானே” என்று தலை நிமிராமலே சொன்னாள். அவர் அந்தக் கலங்கலைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒன்றரை வருடம் எங்களுக்குத் தலைவராக இருந்தார். கவுண்டி கூட்டத்தில் ‘திரைத் தரத்தை மேம்படுத்திய’ பெருமையை அவரே எடுத்துக்கொண்டார். கை தட்டினார்கள். பிறகு தெற்கே எங்கேயோ வீட்டு மனை விற்கப் போனார். வாங்குகிறவர்கள் அடியை அளந்து வாங்கட்டும்.

தன்னைக் கவுண்டருக்கு மாற்றலாம் என்ற அந்த நவம்பர் கடிதத்தை லோர்னா அப்போதே பிரென்ட்டை எழுத்தில் திரும்பப் பெற வைத்தாள். ஆனால் அதோடு நிற்கவில்லை. செப்டம்பரிலிருந்து அவள் ஏற்றிய ஒவ்வொரு வரைபடத்தையும் முதலிலிருந்து சரிபார்த்தாள். ஆறு வாரம் ஆனது. பதினொரு இடத்தில் தப்பு. “சத்தமில்லாம மாத்திடுங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்” என்றார் பிரென்ட். அவள் பதினொரு பேருக்கும் கடிதம் எழுதினாள்: உங்கள் எல்லையை நான் தவறாகப் போட்டுவிட்டேன், இது திருத்திய படம், லோர்னா கிவேலா. திரையைப் பற்றி ஒரு வரி இல்லை, டாரிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. “தப்பு செஞ்சவன் அவன். நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கற?”

“அவன் திரையை மாட்டுனான். கோடு போட்டது என் கை” என்றாள்.

ஒருத்தர் போன் செய்து கால் மணி நேரம் திட்டினார். ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு, “ஆமாம்”, “புரியுது”, “ஆமாம்” என்று கேட்டுக்கொண்டாள். வைத்துவிட்டு அடுத்த உறையை நாவால் ஈரப்படுத்தி ஒட்டினாள்.