நிவு தே

வீட்டோடு தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன வருஷம் நான் பார்த்துக்கொண்ட ஐயா மராட்டிக்காரர். இளம் வயதில் மில் வேலைக்காகக் கோயமுத்தூர் வந்தவர். இங்கேயே பெண் கட்டி, வீட்டிலும் தமிழே பேசிப் பழகியவர். பக்கவாதம் வந்த பிறகு அந்தத் தமிழ் போய்விட்டது. மராத்தியில் இரண்டொரு சொல்தான் மிச்சம். அவர் மகளுக்கு மராத்தி தெரியாது.

கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினால் "நிவு தே" என்று தள்ளிவிடுவார். வேண்டாம் என்கிறார் என்று எடுத்துப் போய்விடுவேன். ஆறின கஞ்சியை ஒருவருக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது. அரை மணி கழித்து மறுபடி கொதிக்க வைத்து, ஆவி பறக்கக் கொண்டுவருவேன். மறுபடியும் தள்ளுவார். மூன்று நாள் இப்படியே போனது. திங்கட்கிழமைக்குள் சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய் போட வேண்டும் என்றார் டாக்டர்.

கடைவீதிப் பக்கம் தங்கம் உருக்கும் மராட்டியர்கள் இருக்கிறார்கள். புது ஆட்களிடம் பேச எனக்கு வராது. ஒரு கடையைத் தாண்டி இரண்டு முறை நடந்தேன். கடைக்காரரே கூப்பிட்டார்.

"ஏனுங்க அக்கா, மோதிரம் ஏதாச்சும் உருக்கோணுமா?"

"இல்லீங்க, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் வேணுமுங்க."

சொன்னேன்.

"நிவு தேவா? ஆறட்டும் விடுங்கறாருங்க. நிவ்ணேன்னா சூடு தணியறது. நிர்வாணம்ங்கற சமஸ்கிருத வார்த்தையும் இதுவும் ஒரே வேருன்னு எங்க ஊர் வாத்தியார் சொல்லுவாருங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"அட, துணியில்லாத நிர்வாணம் இல்லீங்க அக்கா! புத்தர் சொன்னது. தீ அணைஞ்சு அடங்கறது."

வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சி, கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மகள் எட்டிப் பார்த்தாள்.

"ஆறிப்போகுதுங்களே அக்கா?"

"ஆறட்டும் அம்மணி."

ஐயா இடது கையால் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். மெதுவாக முக்கால் கிண்ணம் இறங்கியது.

மூன்று நாளும் நான்தான் திரும்பத் திரும்பச் சூடு பண்ணினேன் என்று மகளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அப்பாவின் வாயைத் துடைத்துக்கொண்டே, "எங்கப்பா பாஷைங்க அக்கா, எனக்கே தெரியலையே" என்றாள்.