டாக்டர் ரெஜினா அம்மா காலமானது புதன்கிழமை

டாக்டர் ரெஜினா அம்மா போய்விட்டார். புதன்கிழமை மாலை, வடுவூர் தாண்டியதும், ஆம்புலன்ஸில்.

திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே கட்டியிருக்கும் பிளெக்ஸில் 'வியாழக்கிழமை, தமது இல்லத்தில்' என்று இருக்கிறது. கிழமையும் தவறு. இடமும் தவறு.

நான் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். நேரத்தை மாற்றி எழுதுவது எனக்கு எப்போதுமே ஆகாது... இந்த முறை சுத்தமாக ஆகவில்லை.

எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் டாக்டர். காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி, மாமியார் சண்டையில் வந்த தலைவலி... எல்லாவற்றுக்கும்.

"ஸ்டேஷன் மாஸ்டர் சார், உங்க பிரஷர் சிக்னலுக்கெல்லாம் நிக்காதுங்க. மாத்திரைய ஒழுங்கா போடுங்க" என்பார், வெயிட்டிங் ஹால் முழுவதும் கேட்கும்படி.

அவர் கணவர் செல்வராஜ் சார் புற்றுநோயில் படுத்தது ஓர் ஐப்பசியில். அவர் வலியில் கத்துவது அடைமழையிலும் தெருவரை கேட்டது.

"ஊருக்கெல்லாம் வைத்தியம் பாத்தேன் சார். இந்த வலிய நிறுத்த எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலயே" என்றார் அம்மா. அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

செல்வராஜ் சாரின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்த அன்றே அவர் பெயரில் உதவித்தொகை தொடங்கினோம். குடும்ப மருத்துவ மேற்படிப்பில் இருக்கும் இளம் டாக்டர்கள், வீட்டில் படுத்திருக்கும் நோயாளியின் வலியைத் தணிக்கக் கூடுதல் பயிற்சி பெறுவதற்காக. செயலாளர் நான்.

முதலில் தேர்வானவர் டாக்டர் இளவரசி. கோட்டூர் பக்கம், நடவு வேலைக்குப் போகும் குடும்பத்துப் பெண்.

"பயிற்சி முடிச்சுட்டு என்ன செய்வே?" என்று அம்மா கேட்டார். "வீடு வீடா போய்ப் பாப்பேங்க மேடம். படுத்துட்டவங்க நம்மளத் தேடி வர முடியாதுங்களே" என்றார் இளவரசி. இரண்டாவது கேள்வியே கேட்கப்படவில்லை.

இந்த மாசியில் அம்மாவுக்கும் அதே நோய். "என்னை எங்கயும் தூக்கிட்டுப் போகாதீங்க. இளவரசி பாத்துக்குவா" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்.

இளவரசி தினமும் வந்தார். வலிக்கு மார்பின் மருந்து கொடுத்தார், புரட்டிப் படுக்க வைத்தார், திட்டும் வாங்கினார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அம்மா மத்திக் குழம்பு வைக்கச் சொன்னார். "திங்க முடியாது... வாசனையாவது வரட்டும்டி." அன்று அவருக்கு வலி இல்லை. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை சென்னையிலிருந்து அம்மாவின் அண்ணன் மகன் வந்தார். "அத்தைய வீட்ல போட்டே சாகடிச்சுட்டாங்கன்னு சொந்தக்காரங்க பேச மாட்டாங்களா சார்?"

அம்மா சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். இளவரசி கெஞ்சினார். செவ்வாய்க்கிழமை மதியம் அம்மா தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், வென்டிலேட்டரில். இளவரசி ஐசியூ கதவுக்கு வெளியே, மற்ற பார்வையாளர்களோடு.

புதன்கிழமை "இனி வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். மூச்சு சொந்த வீட்டில்தான் பிரிய வேண்டும் என்பது நம் வழக்கமாயிற்றே... இருந்த வீட்டிலிருந்து தூக்கிப் போய், அதே வீட்டுக்கே அவசரமாகத் திரும்பினோம்.

வடுவூர் தாண்டியதும் நாடி பிடித்திருந்த இளவரசி, "போயிட்டாங்க சார்" என்றார்.

"ஆக்சிஜன் மாஸ்க்க எடுக்காதீங்க. வீடு போய்ச் சேரட்டும்" என்றார் அண்ணன் மகன். மாஸ்க்கோடுதான் இறக்கினார்கள். உறவினர்களிடம் 'உயிர் இருக்கு' என்றார்கள். மறுநாள் காலைதான் அறிவிப்பு. பிளெக்ஸின் வியாழக்கிழமை அப்படி வந்ததுதான்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் அந்த அண்ணன் மகனே என்னிடம் வந்தார். "சார், இந்த ஸ்காலர்ஷிப்ப இனிமே ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட் படிக்கறவங்களுக்குக் கொடுக்கலாமே. அத்தைக்கும் கௌரவமா இருக்கும்."

"நான் செயலாளரா இருக்கற வரைக்கும் நடக்காது தம்பி."

"கோவப்படாதீங்க. உங்களுக்கும் வயசாச்சு."

"ஆமா. அதனாலதான் சொல்றேன். இளவரசி மாதிரி ஆளு எனக்கும் வேணும்."

உதவித்தொகை பெறும் அடுத்த டாக்டர் வரும் திங்கட்கிழமை பயிற்சியில் சேர்கிறார். இளவரசிதான் வீடுகளுக்கு அழைத்துப் போவார்.

பிளெக்ஸைத் திருத்தச் சொன்னேன். சிரிக்கிறார்கள்.

போய் வாங்க டாக்டரம்மா. பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதினேன்.