முந்திரிக்காட்டுக் கிணறு

யாரும் திருத்தலாம் என்கிற இணைய வரைபடத்தில் எங்கள் ஊரை வரையப் பழகுகிறேன். பழைய செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு கிணற்றைக் குறித்து வைத்திருந்தேன்.

இன்று காலை நேரில் சரிபார்க்கப் போனால் கிணறே இல்லை. முந்திரிக்காடுதான்.

கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் போனில் வரைபடத்தைக் காட்டிக் கேட்டேன். சொன்னார்: "மூடிட்டோம்ங்க. எந் தங்கச்சி அதுலதான் விழுந்துச்சு."

"அழிச்சிரட்டுமாக்கா?"

என் போனையே பார்த்தார். "இருக்கட்டும்ங்க. பேரு எழுத எடம் இருக்கா? செல்வின்னு போடுங்க."

போட்டேன். கிணறு இருந்த இடத்தை மிதிக்காமல், வட்டமாகச் சுற்றிக்கொண்டு போனார்.

மதியம் பார்த்தால், முகம் தெரியாத யாரோ கிணற்றை நீக்கியிருக்கிறார். "புதிய படத்தில் இல்லை. நிலத்தில் இல்லாததை வரையக்கூடாது" என்று குறிப்பு வேறு.

விதிப்படி சரிதான்.

அக்கா சுற்றிப்போன அந்த வட்டம் நிலத்தில் இருக்கிறதே, அதற்கு என்ன குறியீடு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.