தட்டாஞ்சாவடி டிக்கெட்

பேச்சுப் பயிற்சி முடிந்து மகளோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் விசில் அடித்ததும் எனக்குப் பழைய பஸ் பயணங்கள் நினைவுக்கு வந்தன.

சின்ன வயதில் எனக்கும் அவளைப் போலவே திக்குவாய். வீடு தட்டாஞ்சாவடியில், எனக்கோ அந்தப் பெயரின் முதல் எழுத்தைத் தாண்ட வராது. அதனால் வாயில் சுலபமாக வரும் லாஸ்பேட்டைக்கு டிக்கெட் வாங்கி, இறங்கி, வெயிலில் வீட்டுக்குத் திரும்பி நடப்பேன்.

தேய்ந்த செருப்பைப் பார்த்து அப்பா, "பையன் ஓட்டப்பந்தயத்துக்குப் பழகுறான் போலருக்கு" என்று பெருமைப்படுவார். நானும் வீரனைப் போல் நிற்பேன்.

"எங்கம்மா போவணும்?" என்று கண்டக்டர் மகளிடம் கேட்டார்.

"த... த..."

நான் வாயைத் திறந்தேன். அவள் என் தொடையில் கிள்ளினாள். பயிற்சியில் சொன்னபடி மூச்சை மெல்ல விட்டாள். கண்டக்டர் காத்திருந்தார்.

"த... தட்டாஞ்சாவடி. ரெண்டு டிக்கெட். எங்கப்பாவுக்கும் சேத்து."